மூளை பெருத்ததா, அறிவு வளர்ந்ததா? மனித மூளையின் பரிணாமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் பற்றிப் பேச்செடுத்தாலே மூளையைப் பற்றி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முதலில், வம்பானவை பின்னால். ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. மனுஷ மூளை எவ்வளவு எடை இருக்கும்? அதுல எத்தனை நியூரான்?

வளர்ந்தவரின் மூளை சராசரியாக 1.3 முதல் 1.4 கிலோ. கொள்ளளவில் ஏறத்தாழ 1,350 கன செ.மீ. இது சராசரிதான். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலேயே 1,000க்கும் 1,700க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், 10,000 கோடி என்று பல பாடப்புத்தகங்கள் சொல்லும். அது யாரும் எண்ணிப் பார்த்து எழுதிய கணக்கல்ல. 2009இல் பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் உண்மையிலேயே எண்ணினார்கள். மூளையைப் பகுதி பகுதியாக வெட்டி, சோப்புத்தன்மை கொண்ட கரைசலில் அரைத்தால் செல்களின் சவ்வு கரைந்துவிடும், உட்கரு மட்டும் உடையாமல் நிற்கும். அந்தச் 'சூப்'பை நன்றாகக் கலக்கி ஒரு துளி எடுத்து, நியூரானின் உட்கருவில் மட்டும் ஒட்டும் சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். துளியில் இத்தனை என்றால் மொத்தத்தில் எத்தனை என்பது பெருக்கல் கணக்கு.

விடை 8,600 கோடி. அதில் 6,900 கோடி பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில். சிந்தனை, மொழி, திட்டமிடல் என்று நாம் பெருமைப்படும் வேலைகளில் முன்னிற்கும் பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான். மற்றப் பகுதிகள் எல்லாம் சேர்ந்து 100 கோடிக்கும் குறைவு. அன்று அரைக்கப்பட்டவை நான்கே நான்கு ஆண்களின் மூளைகள் என்பதால் இதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. யானை மூளை நம்மளோடதவிட மூணு மடங்கு பெருசாமே. அப்ப அதுதானே நம்மளவிட புத்திசாலியா இருக்கணும்?

அளவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆப்பிரிக்க யானையின் மூளை 4.5 கிலோவைத் தாண்டும். மேலே சொன்ன அதே முறையில் எண்ணியதில் 25,700 கோடி நியூரான்கள், அதாவது நமக்கு மூன்று மடங்கு. ஆனால் அதில் நூற்றுக்கு 98 சிறுமூளையில் இருக்கின்றன. தும்பிக்கையை அவ்வளவு நுட்பமாக ஆட்டுவதற்கே இது தேவைப்படுகிறது என்று கருதுகிறார்கள். பெருமூளைப் புறணியில் 560 கோடிதான். நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு.

சரி, உடல் எடையோடு ஒப்பிட்டால் என்ன என்று அடுத்து கேட்பார்கள். அதுவும் கைகொடுக்காது. சுண்டெலிக்கும் நமக்கும் அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான், 40இல் ஒரு பங்குக்குப் பக்கம். சில சின்னக் குருவிகள் நம்மைத் தாண்டிவிடும்.

கவனிக்க வேண்டியது நெருக்கம். எலி வகையில் மூளை பெரிதாகும்போது ஒவ்வொரு நியூரானும் பெருத்து, இடம் அடைக்கும். குரங்கினத்தில் நியூரானின் அளவு அவ்வளவாக மாறாது, எண்ணிக்கைதான் கூடும். எலியின் கணக்குப்படி 8,600 கோடி நியூரான்களுக்கு இடம் வேண்டுமென்றால் மூளை 35 கிலோ எடை இருக்க வேண்டும்! நாம் குரங்கினத்தில் பிறந்ததுதான் முதல் அதிர்ஷ்டம்.

3. காக்கா மூளை இத்தனூண்டுதானே, அது எப்படி அவ்வளவு தந்திரம் பண்ணுது?

2இல் சொன்ன நெருக்கம்தான். காகங்களிலேயே பெரியதான 'ரேவன்' என்ற அண்டங்காக்கை இனத்துக்கு மூளை 14 கிராம்தான். அதற்குள் 200 கோடிக்கு மேல் நியூரான்கள். பறவை மூளை குரங்கு மூளையைவிடவும் அடர்த்தியானது. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவின் காகம் குச்சியைச் செதுக்கிக் கொக்கியாக்கிப் புழுவை இழுக்கிறது. பாலூட்டிக்கு இருப்பது போன்ற ஆறடுக்குப் புறணி அதற்குக் கிடையாது. ஆகவே அறிவுக்கு ஒரே கட்டட அமைப்புதான் வழி என்று இல்லை.

4. நாம மூளையில 10 சதவீதம்தான் யூஸ் பண்றோமாமே?

இல்லை. மூளைப் படப்பதிவில் பார்த்தால் தூங்கும்போதுகூடச் சும்மா கிடக்கும் பகுதி என்று ஒன்று கிடையாது. பக்கவாதத்தில் ஒரு நெல்லிக்காய் அளவு இடம் கெட்டுப்போனாலே பேச்சோ கையோ போய்விடுகிறது. 90 சதவீதம் உபரி என்றால் அப்படி நடக்காது. பரிணாமத்தின் பார்வையிலும் இது நிற்காது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

5. மூளைக்கு எவ்வளவு சாப்பாடு வேணும்? ரொம்ப யோசிச்சா உடம்பு இளைக்குமா?

உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரி ஆகிறது என்று வையுங்கள். அதில் 300 மூளைக்கு. ஏறக்குறைய ஆறு இட்லி. மின்சாரக் கணக்கில் 15 வாட்டுக்குச் சற்றுக் குறைவு, ஒரு எல்.இ.டி. பல்பு அளவு. இவ்வளவு தின்னும் உறுப்பில் பத்தில் ஒன்பது பங்கைச் சும்மா வைத்துக்கொண்டு எந்த உயிரும் பஞ்ச காலங்களைத் தாண்டியிருக்க முடியாது.

யோசித்தால் இளைக்காது. கடினமான கணக்குப் போடும்போது கூடும் செலவு மிகச் சொற்பம், ஏனென்றால் மூளை எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பரீட்சை எழுதி வந்ததும் வரும் அசதிக்கு மூளையில் சர்க்கரை தீர்ந்துபோனது காரணமல்ல.

குழந்தைகள் கணக்கு வேறு. ஐந்து வயதைச் சுற்றி, ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு வரை மூளைக்கே போகிறது. அந்த வயதில் உடல் மெதுவாக வளர்வதற்கு இது ஒரு காரணம் என்று 2014இல் வந்த ஆய்வு காட்டியது. மூளை செலவு குறையக் குறைய, பருவ வயதில் உடல் கிடுகிடுவென்று உயர்கிறது.

6. குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா, இன்னும் ஏன் குரங்கு இருக்கு?

சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. இருவருக்கும் பொதுவான முன்னோர் சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தார்கள். சித்தப்பா பிள்ளைகள் இருப்பதால் நீங்கள் இல்லாமல் போக வேண்டுமா என்ன? அந்தக் கிளையும் இத்தனை காலமும் தன் வழியில் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

7. மூளை பெருசாகி அறிவு வந்த பிறகுதானே நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சாங்க?

நேர்மாறு. கால்தான் முதலில், மூளை வெகு பின்னால். 1970களின் இறுதியில் தான்சானியாவின் லயடோலியில் மேரி லீக்கியின் குழு கண்டெடுத்த காலடித் தடங்கள் எரிமலைச் சாம்பலில் பதிந்தவை. 36 லட்சம் ஆண்டுகள் தாண்டியவை, தெளிவாக இரண்டு காலில் நடந்த தடங்கள். எத்தியோப்பியாவில் 1974இல் எலும்புக்கூடாகக் கிடைத்த 'லூசி'யும் நிமிர்ந்து நடந்தவள். அவள் இனத்தின் மூளையோ 400 முதல் 550 கன செ.மீ., சிம்பன்சியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

'மூளைதான் முதலில்' என்ற நம்பிக்கை இந்தத் துறையையே 40 ஆண்டுகள் ஏமாற்றியது. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் பெரிய மண்டையும் குரங்குத் தாடையும் கொண்ட 'ஆதிமனிதன்' கிடைத்ததாக அறிவித்தார்கள். எதிர்பார்த்தது கிடைத்ததால் பலரும் அதிகம் துருவவில்லை. 1924இல் தென்னாப்பிரிக்காவின் டாங் சுரங்கத்தில் கிடைத்த குழந்தை மண்டை அதற்கு நேர் எதிர்: சின்ன மூளை, ஆனால் தண்டுவடம் நுழையும் துளை மண்டையின் அடிப்பக்கத்தில், நிமிர்ந்து நின்றதற்கு அடையாளமாக. அதைக் கண்டு சொன்ன ரேமண்ட் டார்ட்டை இருபது ஆண்டுகளுக்கு மேல் பலர் பொருட்படுத்தவில்லை. 1953இல்தான் பில்ட்டவுன் குட்டு உடைந்தது. மனித மண்டையோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, பல்லை அரம் போட்டு ராவி, சாயம் பூசிச் செய்த போலி அது.

8. எந்தக் காலத்து மனுஷனுக்கு எவ்வளவு மூளை? வரிசையா சொல்லுங்க.

சொல்லலாம், ஆனால் ஏணிப்படியாக நினைக்க வேண்டாம். சிம்பன்சிக்கு 400 கன செ.மீ. சுற்று. லூசியின் கணக்கு 7இல் இருக்கிறது. 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஹோமோ ஹாபிலிஸ் என்ற ஆதிமனித இனத்துக்கு 600 சுற்று. அடுத்து வந்த ஹோமோ எரக்டஸுக்குள்ளேயே பெரிய வீச்சு: ஜார்ஜியாவின் டமனிசியில் கிடைத்த 18 லட்சம் ஆண்டுப் பழைய மண்டை ஒன்று வெறும் 546, இந்தோனேசியாவில் கிடைத்த பிற்காலத்து மண்டைகள் 1,100க்கு மேல். நம் நெருங்கிய உறவினமான நியாண்டர்தால்கள் சராசரியாக 1,400ஐத் தாண்டியவர்கள். நாம் 1,350.

ஏணியை உடைக்கும் இருவர் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் 2003இல் கிடைத்த குள்ள மனித இனத்துக்கு மூளை 426 கன செ.மீ.; 60,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்த அவர்களின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைத்தன. தென்னாப்பிரிக்கக் குகையில் 2013இல் கிடைத்த ஹோமோ நலேடிக்கு 460 முதல் 610 வரை. அவர்களின் காலம் சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன், நம் இனமே தோன்றிவிட்ட நேரம். 'காலம் போகப் போக மூளை பெருத்தது' என்பது சில கிளைகளுக்கு மட்டும் பொருந்தும் வாக்கியம்.

9. மூளைதான் மக்கிப்போயிடுமே, வெறும் மண்டை ஓட்டை வச்சு எப்படி அளக்கறாங்க?

பழைய முறை வீட்டிலேயே புரியும் முறைதான். கண்குழி, நரம்பு நுழையும் சிறு துளைகள் ஆகியவற்றைப் பஞ்சால் அடைப்பார்கள். மண்டையைக் கவிழ்த்து, அடியில் உள்ள பெரிய துளை வழியாகக் கடுகைக் கொட்டி, குலுக்கித் தட்டி, மறுபடியும் கொட்டி நிரப்புவார்கள். பிறகு அதை அளவு உருளையில் ஊற்றிப் பார்த்தால் கொள்ளளவு. 1830களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவர் சாமுவேல் மார்ட்டன், மனித இனக்குழுக்களை ஒப்பிட, இப்படித்தான் நூற்றுக்கணக்கான மண்டைகளை அளந்தார்.

இதில் தவறும் அங்கேயே ஒளிந்திருக்கிறது. கடுகு ஒரே அளவில் இருக்காது, அழுத்தினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரே மண்டையை இரண்டு முறை அளந்தால் இரண்டு விடை வந்தது. அதனால் மார்ட்டன் பிறகு ஈயக் குண்டுக்கு மாறினார். அளப்பவருக்கு முன்கூட்டியே ஒரு விருப்பம் இருந்தால் கட்டைவிரல் எந்த மண்டையில் எவ்வளவு அழுத்தும் என்ற சந்தேகம் அவர் வேலையை இன்றும் விடாமல் துரத்துகிறது.

இன்று சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் உட்குழியை நிரப்பி அளக்கிறார்கள். புதைபடிவம் என்றால் மண் அழுத்தி நசுங்கியிருக்கும், பாதி உடைந்திருக்கும். அதை நேராக்கிக் கட்டுவதில்தான் விடை மாறும். இன்னொன்று: மண்டையின் உட்கொள்ளளவு மூளையின் அளவாகிவிடாது. சவ்வு, திரவம், ரத்தக் குழாய்களும் அதற்குள்தான். உட்சுவரில் மடிப்புகளும் ரத்தக் குழாய்களும் மங்கலாகப் பதிந்திருக்கும். உள்ளே நரம்புகள் எப்படிப் பின்னியிருந்தன என்பது எந்த எலும்பிலும் பதிவதில்லை.

10. அப்ப எதனாலதான் மூளை பெருசாச்சு? கறி சாப்பிட்டதாலயா, நெருப்பாலயா?

ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். ஒவ்வொரு விளக்கத்துக்கும் பலமும் உண்டு, பொத்தலும் உண்டு.

லெஸ்லி ஐயெல்லோவும் பீட்டர் வீலரும் 1995இல் சொன்னது: குடலும் மூளையைப் போலவே ஆற்றலைத் தின்னும் உறுப்பு. நம் உடலளவுள்ள குரங்கினத்துக்கு இருக்க வேண்டிய குடலில் நமக்கு இருப்பது 60 சதவீதம்தான். கறி, கொழுப்பு என்று செறிந்த உணவு கிடைத்ததும் குடல் சுருங்கியது, மிச்சப்பட்டது மூளைக்குப் போனது. அழகான கணக்கு. ஆனால் 2011இல் நூறு பாலூட்டி இனங்களை ஒப்பிட்டதில் 'குடல் சிறுத்தால் மூளை பெருக்கும்' என்ற பொதுவிதி தென்படவில்லை. ரிச்சர்ட் ராங்கம் சமைத்த உணவைக் காரணம் காட்டுகிறார். வெந்தது சுலபமாகச் செரிக்கும், மெல்லும் நேரம் மிச்சம். தடங்கல் தேதியில் இருக்கிறது. எரக்டஸ் தோன்றியது 18 லட்சம் ஆண்டுகளுக்கும் முன். நெருப்பைப் பயன்படுத்தியதற்குக் கிடைத்துள்ள நல்ல பழைய சான்று, தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில், 10 லட்சம் ஆண்டுகள்தான்.

ராபின் டன்பார் 1992இல் கூட்டத்தைக் காட்டினார். பெரிய கூட்டமாக வாழும் குரங்குகளுக்குப் புறணி பெரிது. யார் யாருக்கு நண்பன், யார் யாருக்கு எதிரி என்று நினைவில் வைப்பது பெரும் வேலை. 2017இல் 140க்கு மேற்பட்ட இனங்களை ஆராய்ந்தபோது கூட்டத்தின் அளவைவிட உணவுதான் மூளை அளவோடு அதிகம் ஒத்துப்போனது. இலை தின்னும் குரங்கைவிடப் பழம் தின்னும் குரங்குக்கு மூளை பெரிது. எந்த மரம் எப்போது பழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டுமே! கிடைத்த ஆற்றல் மூளையை 'அனுமதித்தது', வாழ்க்கைச் சிக்கல் அதைத் 'தேவையாக்கியது' என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீரும்.

11. அப்ப சைவம் சாப்பிடறவங்களுக்கு மூளை வளராதா?

வளரும். 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓர் இனத்துக்கு எது வழிவிட்டது என்பதும், இன்று ஒரு குழந்தைக்கு என்ன சத்து வேண்டும் என்பதும் வேறு வேறு கேள்விகள். சைவத்தில் கவனிக்க வேண்டியவை வைட்டமின் பி12, இரும்பு, அயோடின். பி12 செடிகொடிகளில் இல்லை. பால், தயிர் வழியாக வரும். அதையும் தவிர்ப்பவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கர்ப்பத்தில் அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி நேரடியாகப் பாதிக்கப்படும். அயோடின் சேர்த்த உப்பு கடைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். திறந்த பாத்திரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அயோடின் குறையும். மூடி வையுங்கள்.

12. பிரசவம் இவ்வளவு கஷ்டமா இருக்கறதுக்கு மூளைதான் காரணமா?

ஒரு பங்கு ஆம். நிமிர்ந்து நடக்க ஏற்ற இடுப்பெலும்பின் வழியே பெரிய தலை வர வேண்டும். சிசு திரும்பித் திரும்பித்தான் வெளியே வருகிறது. பிறக்கும்போது நம் மூளை வளர்ந்தவரின் மூளையில் 30 சதவீதத்துக்கும் குறைவு, சிம்பன்சிக்கு 40 சதவீதம். மீதி வளர்ச்சி வெளியில் நடக்கிறது. உச்சிக்குழி பிறக்கும்போது திறந்திருந்து இரண்டு வயதுக்குள் மூடுவதும், பிரசவத்தில் மண்டையெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகர முடிவதும் இதற்கான ஏற்பாடுகள். உச்சிக்குழி லேசாகத் துடிப்பது இயல்பு. குழிந்து உள்வாங்கியிருந்தால் நீரிழப்பு, குழந்தை அழாமல் இருக்கும்போதும் புடைத்திருந்தால் மூளை அழுத்தம். இரண்டுக்கும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இடுப்பு மட்டுமே தடை என்பதை ஹோலி டன்ஸ்வர்த்தும் உடன் ஆய்ந்தவர்களும் 2012இல் கேள்வி கேட்டார்கள். ஒன்பதாம் மாதத்தில் தாயின் உடல் ஓய்வுச் செலவைப் போல் இரண்டு மடங்கை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் நெடுநாள் தாங்காது. பிரசவ நேரத்தை முடிவு செய்வது இடுப்பின் அகலமா, தாயின் அடுப்பா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

13. நியாண்டர்தாலுக்கு நம்ம அளவு மூளை இருந்துச்சே, ஏன் அழிஞ்சாங்க?

மூளை சிறியது என்பதால் நிச்சயம் இல்லை. இஸ்ரேலின் அமுத் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மண்டை 1,740 கன செ.மீ. வித்தியாசம் வடிவத்தில். அவர்களுக்கு நீள்மண்டை, நமக்கு உருண்டை. நம் இனத்தின் பழைய மண்டைகள்கூட, மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த 3 லட்சம் ஆண்டுப் பழையவை உட்பட, அளவில் நம்மைப் போல, வடிவில் நீளம். இன்றைய உருண்டை வடிவம் ஒரு லட்சத்துக்கும் 35,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அமைந்தது என்று 2018இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். உச்சந்தலைக்குக் கீழே உள்ள மூளைப் பகுதியும் சிறுமூளையும் அப்போது புடைத்தன.

அழிவுக்கு மக்கள் தொகையைப் பாருங்கள். நியாண்டர்தால்கள் சிறு சிறு குழுக்களாகச் சிதறி வாழ்ந்தவர்கள். அவர்களின் மரபணுக்களில் நெருங்கிய உறவில் பிறந்ததன் தடம் தெரிகிறது. 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தாலும் முழுதாகப் போகவில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் நம் போன்றோரின் மரபணுவில் 2 சதவீதம் வரை அவர்களுடையது.

14. புத்திக்குன்னு ஒரு ஜீன் இருக்காமே?

கிடையாது. மூளை வளர்ச்சியைத் தொடும் மனித மரபணுக்கள் உண்டு. 2015இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஆராய்ந்த 'ஏ.ஆர்.எச்.கேப்.11பி' அவற்றில் ஒன்று. சிம்பன்சிக்கு இது இல்லை. பழைய மரபணு ஒன்றின் நகல் தற்செயலாக உருவாகி, அதில் ஓர் எழுத்து மாறியதால் கருவில் நியூரான்களைப் பெற்றெடுக்கும் தாய்ச்செல்கள் கூடுதலாகப் பெருகின. அது நியாண்டர்தாலுக்கும் இருந்தது.

'பேச்சு மரபணு' என்று புகழ்பெற்ற ஃபாக்ஸ்பி2 கெட்டுப்போனால் பேச்சு குழறும் என்பது 2001இல் லண்டனில் ஒரு குடும்பத்தின் மூலம் தெரிந்தது. மின்சாரக் கம்பி அறுந்தால் ரேடியோ பேசாது, அதனால் பாட்டு கம்பிக்குள் இருக்கிறது என்று ஆகிவிடாது. சாதாரண அறிவுத்திறன் வேறுபாட்டில் ஆயிரக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகப் பங்கு வகிக்கின்றன.

15. சிம்பன்சியையும் குழந்தையையும் ஒரே பரீட்சை எழுத வச்சா யார் ஜெயிப்பாங்க?

எழுத வைத்தார்கள். 2007இல் லைப்சிக் குழு 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்கள், இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேருக்கு ஒரே தேர்வுத் தொகுப்பைக் கொடுத்தது. பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது, எதில் அதிகம் இருக்கிறது, எந்தக் குச்சியால் எட்டும் போன்றவற்றில் குழந்தையும் சிம்பன்சியும் ஏறக்குறைய சமம். பிறர் செய்வதைப் பார்த்துக் கற்பதில் குழந்தைகள் எங்கோ போய்விட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். தனியாளாக நாம் அப்படியொன்றும் அதிசூரர் அல்ல. ஜப்பானில் அயுமு என்ற இளம் சிம்பன்சி, திரையில் அரை நொடியும் இல்லாமல் மின்னி மறைந்த எண்களின் இடத்தை வரிசை தவறாமல் தொட்டது. பயிற்சி இல்லாத கல்லூரி மாணவர்கள் தோற்றார்கள். (அதே அளவு பயிற்சி கொடுத்தால் மனிதரும் எட்டிப்பிடிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.) முன்னவர் கண்டதைப் பின்னவர் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறுவதுதான் நம் பலம். தனியே விடப்பட்ட மூளைக்கு அம்பு செய்யவும் தெரியாது, அரிசி வடிக்கவும் தெரியாது.

16. நம்ம ஊர்ல ஆதிமனிதன் மண்டை ஏதாச்சும் கிடைச்சிருக்கா?

தமிழ்நாட்டில் அவ்வளவு பழைய மண்டை கிடைக்கவில்லை, கருவி கிடைத்திருக்கிறது. இந்தியாவில் கிடைத்த ஒரே தொன்மையான மனித மண்டைப் பகுதி, 1982இல் மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில் நர்மதைக் கரையில் அருண் சோனகியா எடுத்தது.

திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் 1863இலேயே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் குழுவினர் கற்கருவிகளைக் கண்டார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே தோண்டி, 2011இல் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டது. அதே இடத்தில் மேலடுக்கில், 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வேலை முறை மாறியிருப்பது 2018இல் தெரியவந்தது. பழைய முறையில் கல்லையே செதுக்கிக் கருவியாக்குவார்கள். புதிய முறையில் கல்லின் ஓரத்தையும் மேற்பரப்பையும் முதலில் பதப்படுத்தி, கடைசியில் ஒரே தட்டில் நினைத்த வடிவச் சில்லைப் பெயர்ப்பார்கள். இறுதி வடிவம் கைக்கு வருமுன் மனதில் இருந்தாக வேண்டும். 9இல் எலும்பு சொல்லாது என்றோமே, அதைக் கல் கொஞ்சம் சொல்கிறது. ஆனால் அதைத் தட்டியவர்கள் எந்த இனம் என்பதை எலும்பு கிடைக்காமல் சொல்ல முடியாது.

17. என் பையனுக்குத் தலை பெருசு. புத்திசாலியா வருவானா?

தலையை வைத்துச் சொல்ல முடியாது. 2015இல் 8,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மூளை அளவுக்கும் ஐ.க்யூ. என்ற அறிவுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு 0.24 (முழுதாக ஒத்துப்போனால் 1). அதாவது மனிதருக்கு மனிதர் உள்ள ஐ.க்யூ. வேறுபாட்டில் 6 சதவீதத்தைத்தான் அளவு விளக்குகிறது. ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம், சராசரிக்கும் கீழே. ஆண்களின் மூளை பெண்களுடையதைவிடச் சராசரியாக 10 சதவீதம் பெரிது, சராசரி ஐ.க்யூ.வில் வித்தியாசம் இல்லை. தலைச் சுற்றளவு மாதாமாதம் வரைபடக் கோட்டைத் தாண்டி ஏறினால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது அறிவு பற்றியதல்ல, நீர் தேங்குகிறதா என்று பார்க்க.

18. ஐ.க்யூ.ங்கறது என்ன, பரம்பரையா வர்றதா?

1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் செய்த தேர்விலிருந்து பிறந்தது. அதைத் தழுவிய பினே-காமத் தேர்வு இந்திய மருத்துவமனைகளில் இன்றும் நடக்கிறது. அதே வயதினரின் சராசரியை 100 என்று வைத்து, 68 சதவீதத்தினர் 85க்கும் 115க்கும் இடையில் வரும்படி மதிப்பெண்ணை அமைப்பார்கள். நாளுக்கு நாள் சில புள்ளிகள் ஏறி இறங்கும். 98 எடுத்தவரும் 102 எடுத்தவரும் ஒன்றுதான். போனில் பத்துக் கேள்விக்கு 145 கொடுக்கும் தேர்வுகள் சந்தோஷத்துக்கு மட்டும்.

மரபின் பங்கு சிறுவயதில் குறைவு, வளர்ந்தவர்களிடம் பாதிக்கு மேல் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். இது 'ஒரு குழுவுக்குள்' உள்ள வேறுபாட்டின் பங்கு. பல ரகம் கலந்த ஒரே மூட்டை விதை நெல்லை, நன்றாக உரமிட்ட வயலிலும் தரிசிலும் விதைத்தால் வயலுக்குள் உள்ள உயர வித்தியாசம் விதையால். இரண்டு வயல்களுக்கிடையே உள்ளது மண்ணால். 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் பத்தாண்டுக்கு மூன்று புள்ளி வீதம் சராசரி ஏறியது. நார்வேயில் 1975க்குப் பின் பிறந்தவர்களிடம் இறங்கியது, ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே. மரபணு அவ்வளவு வேகமாக மாறாது.

19. வல்லாரை, பாதாம், மெமரி ஆப்: இதுல எது வேலை செய்யும்?

வல்லாரையும் பாதாமும் நல்ல உணவு, அறிவுத்திறனை உயர்த்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. விளையாட்டுச் செயலியில் பழகினால் அந்த விளையாட்டில் தேறுவீர்கள், வேறெங்கும் அது பெரிதாகப் பரவாது. பலன் நிரூபணமானது பள்ளிக்கூடம்: ஒவ்வொரு கூடுதல் ஆண்டுப் படிப்புக்கும் ஐ.க்யூ. 1 முதல் 5 புள்ளி வரை உயர்வதாகப் பல நாட்டுத் தரவுகள் காட்டுகின்றன. அதோடு 11இல் சொன்ன இரும்பும் அயோடினும், தூக்கமும். ஈயம் கலந்த பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து குழந்தையைத் தள்ளி வையுங்கள். அது குறைக்கும் புள்ளிகள் திரும்ப வராது.

20. இப்ப நம்ம மூளை சுருங்கிட்டு வருதாமே? வருங்கால மனுஷனுக்குத் தலை பெருசாகும்னும் சொல்றாங்களே, எது நிஜம்?

பனியுக முடிவிலிருந்த மனிதர்களைவிட நம் மூளை சற்றுச் சிறியது என்று பலர் அளந்திருக்கிறார்கள். 3,000 ஆண்டுகளுக்கு முன் திடீரென்று குறைந்தது என்று 2021இல் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே வேறு இருவர் அதே தரவுகளை எடுத்து, காலவாரியாக மண்டைகள் சமமாகச் சேர்க்கப்படவில்லை, அப்படியொரு சரிவு தெரியவில்லை என்று மறுத்தார்கள். உண்மையில் குறைந்திருந்தாலும் காரணம் உடம்பு சிறுத்ததாக இருக்கலாம். நாய்க்கும் ஓநாயைவிட மூளை சிறிதுதான், ஆனால் நாம் கைகாட்டும் திசையைப் புரிந்துகொள்வதில் நாய் முந்துகிறது.

பெருந்தலை வருங்கால மனிதன் சினிமாவில்தான். பெரிய மூளை உள்ளவர்கள் அதனாலேயே அதிகப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தால்தான் தலைமுறைதோறும் மூளை பெரிதாகும், இன்று அப்படி நடப்பதற்கு அறிகுறி இல்லை. சிசேரியன் வந்ததால் 12இல் சொன்ன இடுப்புத் தடை தளர்ந்திருக்கிறது என்பது சரி. ஆனால் தடை தளர்வது வேறு, அந்தப் பக்கம் தள்ளும் விசை வேறு.